அம்மாவுக்குக் கூலி போடாத கணக்கு

எண்பதுகளில் நெல் அறுத்து முடித்தால் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான்: மூட்டையைக் களத்திலேயே வியாபாரிக்குப் போடுவதா, செஞ்சி கமிட்டிக்கு ஏற்றுவதா? (அரசாங்கத்துக்கு அது ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். எங்களுக்குக் கமிட்டி.) அப்பா காலண்டர் தாளைத் திருப்பிக் கணக்குப் போடுவார். வண்டி வாடகை இல்லை, மாடு சொந்தம். தீவனச் செலவில்லை, வைக்கோல் சொந்தம். ராத்திரி மூட்டைக்குக் காவல் படுக்க ஆளும் சொந்தம், அது நான். மிச்சம் டீக்காசு. மூட்டைக்கு ரெண்டு ரூபாய் கூடக் கிடைத்தால் லாபம் என்று தீர்ப்பாகி, செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரி மலையைப் பார்த்தபடி வண்டி கிளம்பும்.

அந்த மலையிலும் இப்படியொரு கணக்கு நடந்திருக்கிறது. 1690இல் கோட்டையை வளைத்த ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கானுக்கு அது கிடைத்தது 1698இல். யாரைப் பிடிக்க வந்தாரோ அந்த மராட்டிய அரசர் ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். அத்தனை வருஷம் காவல் படுத்தவனுக்குக் கூலி போட்டார்களா, தெரியவில்லை.

இப்போது தம்பி மகன் செல்போனில் எக்செல் திறக்கிறான். அறுவடை மிஷின் வாடகை, டாடா ஏஸ், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, நகைக்கடன் வட்டி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் பணம், தன் நாள் சம்பளம் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். கடைசிக் கட்டம் சிவப்பு. "பெரியப்பா, தாத்தா காலத்துலயே நமக்கு நஷ்டந்தான்" என்றான். சொல்லிவிட்டு அடுத்த பட்டத்துக்கு விதைநெல் வாங்கப் போனான்.

வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் இதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறது. கையைவிட்டுப் போகும் காசு, ஏ2: அப்பா போட்டது அதுதான், அதிலும் பாதி. அம்மா நாற்றுப் பறித்தது, முறத்தில் நெல் தூற்றியது, நடவாட்களுக்குக் கஞ்சி காய்ச்சியது எல்லாம் எஃப்எல், குடும்ப உழைப்பு. சொந்த நிலத்தின் வாடகை, சொந்த முதலின் வட்டி சேர்ந்தால் சி2. அம்மாவின் பெயர் காலண்டர் தாளில் ஒருநாளும் ஏறியதில்லை, அவளும் கேட்டதில்லை.

1985-86இல் சாதா ரக நெல்லுக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 142 ரூபாய். 2025-26இல் 2,369. ஏ2வும் எஃப்எல்லும் சேர்ந்த 1,579 ரூபாய்க்கு மேல் பாதி வைத்துப் போட்ட விலை இது. விவசாயச் சங்கங்கள் கேட்கும் சி2 அடிப்படைக்கு டில்லி இன்னும் வரவில்லை.