வீட்டோடு மாப்பிள்ளையும் மகரமும்

கடற்கரையே இல்லாத கொங்கு நாட்டுக் கோயில்களில், யானைத் துதிக்கையும் முதலை வாயும் மீன் வாலும் கூடிய கற்பனை உயிரான மகரத்தை, வாயில் வளைவுகளாகிய தோரணங்களில் சிற்பிகள் தயக்கமின்றிச் செதுக்கியிருக்க, ஆழ்கடலோ அக்கற்பனையைக் கஞ்சத்தனமாக்கிவிடுகிறது. நெற்றியில் ஒளிரும் தூண்டிலுடன் இருளில் இரை தேடும் தூண்டில்மீனின் சில இனங்களில், மிகச் சிறிய ஆண், பெண்ணின் உடலைக் கவ்வி, தோலும் குருதிக்குழாய்களும் ஒன்றிவிட, உணவுக்கும் அவளையே நம்பி வாழ்ந்து, கோவைத் திருமண வீடுகளில் வழங்கும் ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்ற கேலிக்கு முழுத் தகுதி பெறுகிறது. 1922இல் ஐஸ்லாந்து அறிஞர் பியார்னி சேமுண்ட்சன் இவ்வாண்களைக் குஞ்சுகள் எனக் கருத, அவை கணவன்மாரே என்பதை 1925இல் பிரிட்டனின் டேட் ரீகன் விளக்கினார். மகரம் செதுக்கிய உளிக்கு இம்மணவாழ்க்கை எட்டியிருந்தால், தோரணத்தில் அதற்கும் இடம் கிடைத்திருக்கும். மருமகன்கள் மட்டும் அதன் கீழே நுழையச் சற்றுத் தயங்கியிருப்பார்கள்.