வால் வைத்த எழுத்தண்ணர்

ஜெர்மனியில் நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற ஊரென்றால், அங்கே கட்டாயம் ஓர் எழுத்தண்ணர் இருப்பார். பகலில் வேலைக்குப் போவார். இரவில் கலியாணக் கார்ட், சாமத்திய வீட்டு அழைப்பிதழ் எல்லாம் கணினியில் வடிவமைப்பார். காசு வாங்கமாட்டார். அதனால் யாரும் குறை சொல்லவும் முடியாது.

அவருடைய குலதெய்வம் ஹெர்மன் ட்சாப்ஃப். 1918இல் நியூரன்பெர்க்கில் பிறந்த எழுத்தோவியர். 1998இல் லினோடைப் நிறுவனம் வெளியிட்ட ட்சாப்ஃபினோ எழுத்துரு அவருடைய படைப்பு. அதில் பல எழுத்துகளுக்கு மாற்று உருவங்கள் உண்டு. எழுத்துருவின் பெயரையே தட்டினால் ஏழு எழுத்தும் ஒன்றாகிப் பாய்ந்தோடும் ஒரே கோலமாகிவிடும். விருந்தாளி யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முன் அண்ணர் இதைத்தான் தட்டிக் காட்டுவார்.

"ஒரு 'டி'க்கு எதுக்கு அண்ணை இத்தனை உரு?"

"கோயிலுக்கு வேட்டி, கலியாணத்துக்குப் பட்டு எண்டு நீர் மாத்திறேல்லையோ?"

ஓபன்டைப் வகை எழுத்துருக்களில் மாற்று வடிவத் தொகுப்புகளை 20 வரை வைக்கலாம். வேண்டியதை மட்டும் எடுப்பதற்குத்தான் அந்த வசதி. அண்ணருக்கு எல்லாமே வேண்டும், அதுவும் ஒரே கார்டில். மணமகளின் முதலெழுத்திலிருந்து கிளம்பும் வால் மாப்பிள்ளையின் பெயரைச் சுற்றி, இரு வீட்டுப் பெற்றோரையும் கடந்து, மண்டப விலாசத்தின் மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். கலியாணத்தன்று காலை அவருடைய போன் ஓயாது.

"அண்ணை, மண்டபம் எந்தத் தெரு?"

"அதை விடும். அந்த வாலைப் பாத்தனீரோ?"

கேலி செய்தால் கூட்டன்பெர்க்கைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். மைன்ஸில் 1450களில் பைபிள் அச்சிட்டவர் வைத்திருந்தவை ஏறத்தாழ 290 வகை அச்சுகள். ஒரே எழுத்தில் அகலமானதும் ஒடுக்கமானதும் இருந்தன. உண்மைதான். ஆனால் அவர் அப்படி வைத்தது வரிகள் இரு ஓரமும் நேராக நிற்பதற்கு. அண்ணர் வைப்பது வரிகள் எழும்பி ஆடுவதற்கு.

அவரோடு சாப்பிடப் போவது தனிச் சோதனை. பழைய ஃப்ராக்டூர் எழுத்தில் 'காஸ்ட்ஹவுஸ்' என்று பலகை மாட்டிய கடை வாசலில், பனிக்குளிரில் எங்களை மறித்துவிடுவார். "முதல் 'எஸ்' நெட்டை எஸ்ஸா இருக்கோணும், கடைசி மட்டும்தான் குட்டை. இவங்கள் ரெண்டையும் குட்டையாப் போட்டிருக்கிறாங்கள்!" விதி சரியானதே. எங்களுக்குப் பசி.

தன் காரின் பின்பக்கத்தை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. 2000ஆம் ஆண்டு முதல் புது நம்பர் பிளேட்டுகளுக்குக் கட்டாயமான எழுத்துருவில், 'பி'யைக் கள்ளர் கறுப்பு மையால் 'ஆர்' ஆக்கிவிடாதபடி ஒவ்வொரு எழுத்தும் வேண்டுமென்றே வேறுபடுத்தப்பட்டது. எழுத்துக்கு ஒரே உருவம்தான். "கள்ளனுக்குப் பயந்து கீறின எழுத்து" என்பார்.

அண்ணரை அடக்கக்கூடியது ஒன்றே ஒன்று: 'அச்செழுத்தில் நிரப்பவும்' என்று கட்டம் கட்டி வரும் ஜெர்மன் படிவம். ஒருமுறை அவருடைய பெயரின் கடைசி எழுத்து, பிறந்த தேதிக் கட்டங்கள் மூன்றைத் தாண்டிப் போய் நின்றது. படிவம் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் படிவம் நிரப்புவது அக்கா. அண்ணருக்குக் கையெழுத்திட மட்டும் அனுமதி.