தலைமையாசிரியர் ஐயாவுக்கு ஒரு வாழ்த்து மடல்

ஐயா, பிள்ளைகளின் கோபத்தைப் பற்றி உளவியல் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதில் ஒரு பக்கமும் புரட்டாமலே எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் தாங்கள் அவர்களைவிட எவ்வளவோ மேல்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணக்கை வாயால் கேட்டால் பளிச்சென்று பதில் வரும். புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டவே திணறுவான். டிஸ்லெக்சியா என்று மருத்துவர் எழுதிய சீட்டோடு அவன் அம்மா வந்தபோது, "எங்க காலத்துல இதெல்லாம் ஏதும்மா?" என்று ஒரே வரியில் குணப்படுத்தி அனுப்பினீர்கள். புத்திசாலியான 14 வயதுப் பையன் ஒருவனுக்குப் படிக்க மட்டும் வரவில்லை என்று பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் 1896-லேயே எழுதிவிட்டார். தங்கள் காலம் அதற்கும் முந்தியது என்று அன்றுதான் தெரிந்தது. வயது தெரியாத தோற்றம், ஐயா!

இப்படிப்பட்ட பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்பார்கள். தாங்கள் வகுப்பு முழுவதற்கும் முன்னால் எழுப்பி, உரக்கப் படிக்கச் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், வகுப்பறையில் மகிழ்ச்சி நிலவ வேண்டும் என்பது தங்கள் கொள்கை. அவன் காது சிவந்தது, கை முஷ்டியானது, மூச்சு வாங்கியது. "போய்த் தண்ணி குடிச்சுட்டு வாப்பா" என்று அந்த நிமிஷம் அனுப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பார்கள் சிறப்பாசிரியர்கள். தாங்களோ எதையும் பாதியில் விடுபவர் அல்லர். "என்னடா முறைக்கிற?" என்று ஒரு கை கொடுத்து உதவினீர்கள். ஜியாமெட்ரி பாக்ஸ் பறந்தது. பக்கத்து பெஞ்சுக்காரன் நெற்றி புடைத்தது.

உடனே அவனை வெளியே நிற்கவைத்தீர்கள். அன்று அவன் படிக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் தமிழ்ப் பாடம் தொடங்கும் முன்பே பெஞ்சை உதைத்தான். மறுபடியும் வெளியே, மறுபடியும் படிப்பு இல்லை. கத்தினால் தப்பிக்கலாம் என்ற பாடத்தை ஒரே நாளில் அவன் மனத்தில் பதியவைத்தீர்களே, அவனுக்குப் பாடம் ஏறாது என்று யார் சொன்னது?

அடியாத மாடு படியாது என்பதால் பிரம்பும் வந்தது. அடுத்தவனை அடிக்கக் கூடாது என்பதை அடித்தே விளக்கும் தெளிவு எத்தனை பேருக்கு வரும்? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இரண்டில் ஒன்றைக்கூட விட்டுவைக்காத தாங்கள் அந்தப் பிரிவை முழுமையாகக் கற்றவர்தான்.

கோபம் தணிந்த பிறகு பேசு, கோபம் வருவதற்கு முன் என்ன நடந்தது என்று பார், "புரியலை சார், கொஞ்சம் நேரம் கொடுங்க" என்று வாயால் கேட்கப் பழக்கு, ஒரு நாள் அடக்கிக்கொண்டால் அன்றே பாராட்டு என்றெல்லாம் சிலர் மாதக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். தங்கள் நேரம் பொன்னானது.

கற்றல் குறைபாட்டையும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்திருக்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். விண்ணப்பித்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆள் உண்டு. அதற்காக அவனை அலையவிடத் தங்கள் இளகிய மனம் இடம் தரவில்லை. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததுமே டி.சி.யைக் கையில் கொடுத்தீர்கள். மறு வருஷம் பள்ளி வாசலில் 'பத்தாம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் கட்டினீர்கள்.

அந்த டி.சி.யில் 'நடத்தை' என்ற இடத்துக்கு எதிரே 'நன்று' என்று தங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். அவனைப் பற்றித் தாங்கள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. பெஞ்சை உதைக்காமல் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு நாளில் அதை வாயால் சொல்லியிருந்தால் டி.சி.யே தேவைப்பட்டிருக்காது. ஆனால் பாராட்டை வீணாக்காத சிக்கனம் தங்கள் பிறவிக் குணமாயிற்றே!