நடந்தால் கூப்பன்

ஆபீஸில் மற்றவர்களுக்கு அப்ரைசல் சமயத்தில் பிபி ஏறும். அக்கவுண்ட்ஸில் இருக்கும் எனக்கு, குரூப் மெடிக்ளெய்ம் ரினீவல் கொட்டேஷன் வருகிற அன்று ஏறும். கணக்கு ரொம்பச் சுலபம். 100 ரூபாய் பிரீமியம் கட்டிவிட்டு, நம் ஆட்கள் 130 ரூபாய்க்கு ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருந்தால், இன்ஷூரன்ஸ்காரர் அடுத்த வருடம் அந்த முப்பதையும் கேட்பார், தன் செலவு, லாபம் என்று மேலே கொஞ்சமும் கேட்பார். அதன் தலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை என்றார்கள். குரூப் பாலிசிக்கு அந்தச் சலுகை கிடையாது. தனியாகப் படுத்தால் வரி இல்லை, கும்பலாகப் படுத்தால் உண்டு!

கொட்டேஷனைப் பார்த்த எம்.டி. கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். இதற்காகவே காத்திருந்த புரோக்கர், வெல்னஸ் புரோகிராம் என்று ஒரு ஸ்லைடைப் போட்டார். பச்சை ஆப்பிளைக் கடித்தபடி அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்தாள். மறு வாரம் எங்கள் கேன்டீனில் வடை நின்றது.

இதை ஒரு வரியில் கடந்துபோக மனசு வரவில்லை. எங்கள் கேன்டீன் மாஸ்டரின் மெதுவடை, நாலு மணிக்கு முன்னால் யார் எந்த ஃபைலைக் கேட்டாலும் கிடைக்காமல் செய்யும் வல்லமை கொண்டது. மழை நாளில் கூடுதலாக மிளகு தட்டிப் போடுவார். அப்படிப்பட்டவரிடம் எச்ஆர் மேடம் போய், "இனிமே சுண்டல் மட்டும்தான், மாஸ்டர்" என்றார். அவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வந்த சுண்டலில் தேங்காய் எண்ணெய் மினுமினுத்தது. கடலையைவிடத் தேங்காய்த் துருவல் அதிகம். மேடம் முறைத்ததற்கு, "எண்ணெய் இல்லாமத் தாளிக்க நான் என்ன மந்திரவாதியா?" என்று கரண்டியைத் தூக்கிக் காட்டினார். நாங்கள் கேட்டுக்கு வெளியே டீக்கடைக்கு நடந்துபோய் ஆளுக்கு இரண்டு வடை சாப்பிட ஆரம்பித்தோம். வீண் போகவில்லை, அந்த நடையும் போட்டிக் கணக்கில் சேர்ந்தது.

போட்டி என்றால், ஒரு நாளைக்கு 10,000 அடி. போனில் ஆப் எண்ணும், மாதக் கடைசியில் முதல் மூன்று பேருக்கு கிஃப்ட் கூப்பன். இந்தப் பத்தாயிரத்தை எந்த டாக்டரும் சீட்டில் எழுதிக் கொடுக்கவில்லை. 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி, இடுப்பில் மாட்டும் நடை எண்ணியை விற்பதற்காகப் பிடித்த எண் அது. நடப்பது நல்லதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எங்கள் ஆபீஸில் நடந்தவை போன்கள்தான். டெஸ்பாட்ச் பெரியவர் பேரனின் தூளியில் போனைக் கட்டி ஆட்டினார். குழந்தையும் தூங்கிற்று, கணக்கும் ஏறிற்று. பர்ச்சேஸில் மூன்று பேர் அதைவிடக் கெட்டி. காலையில் வந்ததும் போனை செக்யூரிட்டி அண்ணனின் சட்டைப் பையில் போட்டுவிடுவார்கள். கோடவுன், காம்பவுண்டு, மொட்டைமாடி என்று நாள் முழுக்கச் சுற்றுகிறவர் அவர். முதல் பரிசு, முதல் மாடிக்கே லிஃப்டில் போகும் ஒருவருக்குக் கிடைத்தது.

செக்யூரிட்டி அண்ணன் போட்டியிலேயே இல்லை. அவர் கான்ட்ராக்டர் ஆள். மாதச் சம்பளம் 21,000-க்குள் என்பதால் அவருக்கு இஎஸ்ஐ, சம்பளத்தில் 0.75 சதவீதம் அதற்குப் பிடிக்கிறார்கள். "ஏன் சார், போனுக்கு எதுக்கு சார் நடை?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்து அந்தத் திட்டத்தைப் பற்றி யாரும் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி.

வருடக் கடைசியில் க்ளெய்ம் பட்டியல் வந்தது. வடையால் விழுந்தவர் யாரும் அதில் இல்லை. பிரசவங்கள், இரண்டொரு டெங்கு. மீதி பெரிய தொகை எல்லாம் அப்பா அம்மாக்களுடையது: கண்புரை, மூட்டு மாற்று, ஸ்டென்ட். நாங்கள் சுண்டல் தின்றால் எங்கள் அப்பாக்களின் முழங்கால் எப்படித் தேறும்? 2019-ல் அமெரிக்க மருத்துவ இதழ் 'ஜாமா'வில் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 33,000 பேர் வேலை பார்க்கும் ஒரு கடைச் சங்கிலியில், சில கிளைகளில் மட்டும் வெல்னஸ் புரோகிராம் நடத்திப் பார்த்தார்கள். அந்தக் கிளைகளில் உடற்பயிற்சி செய்கிறோம் என்று சொன்னவர்கள் கூடினார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தால் மருத்துவச் செலவில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதை பிரிண்ட் எடுத்து எம்.டி.யிடம் கொடுத்தேன். வடை திரும்ப வரும் என்ற நப்பாசைதான்.

வடை வரவில்லை. கோ-பே வந்தது. ஏப்ரல் முதல் பெற்றோர் க்ளெய்மில் 20 சதவீதத்தை ஊழியரே கட்ட வேண்டும் என்று ஜனவரியில் சர்க்குலர் போட்டார்கள். அன்று ராத்திரியே அப்பா போன் செய்தார்.

"ஏம்ப்பா, வலது கண்ணுல புரை இன்னும் முத்தலை, அவசரமில்லைன்னுதான் டாக்டர் சொல்றார். இருந்தாலும் மார்ச்சுக்குள்ள எடுத்துட்டா உனக்கு மிச்சம்தானே?"

கண் ஆஸ்பத்திரி ஹால் எங்கள் ஆபீஸ் ஆண்டு விழா மாதிரி இருந்தது. டெஸ்பாட்ச், பர்ச்சேஸ், எச்ஆர் மேடம், எல்லோரும் ஆளுக்கொரு பெரியவரோடு. டோக்கனை வாங்கிக்கொண்டு அப்பாவை உட்கார வைத்தேன். அடுத்த நாற்காலியில் எம்.டி.யின் அம்மா. பாலிசி அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை இடுக்கி அப்பாவைப் பார்த்து அன்பாக விசாரித்தார்.

"உங்களுக்கும் மார்ச்சுக்குள்ளயா?"