ஈரலுக்கு இலைக்குறி இல்லை

மொன்பெலியே, பிரான்சு

அன்பு மச்சானுக்கு,

இயற்கை விவசாயத்துக்கான ஐரோப்பியப் பச்சை இலைக்குறி ஒட்டின வைன் மருந்து மாதிரித்தானே, ஒரு போத்தல் அனுப்பினால் என்ன என்று கேட்டிருந்தாய். ஆசை உனக்கு, சாட்டு இலைக்கு. தென்பிரான்சின் லாங்டொக் பக்கத்துச் சிவப்பு வைனில் சிரா என்ற திராட்சைக்குத் தனி மதிப்பு. கிரெனாஷ், கரின்யான் என்று கூட்டாளிகளையும் சேர்த்துத்தான் பெரும்பாலும் போத்தலில் அடைப்பார்கள். நிறம் ஊதா கலந்த கறுப்பு, மணம் மிளகு. மிளகு என்பது குடித்தவனின் உளறல் இல்லை. மிளகுக்கு மணம் தரும் ரொட்டண்டோன் என்ற அதே பொருள் சிராவிலும் இருப்பதை 2008இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். துவர்ப்பை அறிய விரும்பினால், முந்தி எங்கட ஆக்கள் வலைக்குச் சாயம் போட்ட பனிச்சங்காயில் ஒரு கடி கடி. இரண்டிலும் வாயை இழுத்துப் பிடிப்பது தனின்தான்.

ஆனால் அந்த இலை சாட்சி சொல்வது மண்ணுக்கு, உன் ஈரலுக்கு இல்லை. எவ்வளவு சுத்தமான வைனிலும் பதின்மூன்று, பதினாலு வீதம் மதுசாரம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம், அது இருப்பதும் இதே பிரான்சின் லியோன் நகரில்தான், மதுசாரத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. இயற்கைத் திராட்சையில் வந்ததா என்று விசாரித்து ஈரல் கழிவு கொடுக்காது. இலைக்குறி வைன் மருந்தே அடிக்காத தோட்டத்தில் வருவது என்பதும் பிழை. பூஞ்சைக்குத் துருசும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறார்கள். 1880களில் போர்தோவில் பிறந்த கலவை அது. துருசில் உள்ள செம்பு மண்ணில் தங்கிவிடும் என்பதால் செம்பை ஏழு வருடத்துக்கு ஹெக்டேயருக்கு 28 கிலோவுக்கு மேல் போடக்கூடாது என்று 2019 முதல் கட்டுப்பாடு. இனிப்பில்லாத சாதாரணச் சிவப்பு வைனில் சல்பைற்று லீற்றருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம், இலைக்குறி வைனில் 100 வரைதான். அப்போ இது ஏமாற்றுத்தானே என்பாய். ஒன்றுமே போடவில்லை என்று கோயிலில் சத்தியம் செய்பவனைவிட, போட்டதைக் கிலோக் கணக்கில் எழுதிக் காட்டுபவனை நான் நம்புவேன்.

சேதனப் பசளை என்றாலே உங்களுக்கு வயிறு எரியும், நியாயம்தான். 2021 மேயில் இலங்கையில் ஒரு வர்த்தமானி வந்தது, இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் தொடங்கியாயிற்று. விளைச்சல் விழுந்து அரிசியைக் கப்பலில் இறக்கவேண்டி வந்தது. இங்கே ஒரு திராட்சைத் தோட்டம் முறை மாறுவதற்கே மூன்று வருடம். அதுவரை இயற்கை முறையில்தான் செய்யவேணும், இலையும் ஒட்டேலாது. அந்த இடைக்காலத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவிப் பணம் உண்டு. பணக்காரரின் வைனையும் எங்கட சோற்றையும் ஒப்பிடலாமா என்று மறுகா கேட்பாய். வைன் குறைந்தால் விலையைக் கூட்டலாம், நெல் குறைந்தால் உலை கொதிக்காது. அதோடு இங்கத்தைய கோடை வறண்டது, திரமொன்தான் என்ற காற்று இலையை உலர்த்திப் பூஞ்சையைத் துரத்திவிடும். உங்கட வாகரையின் கார்த்திகை மழையைக் கண்ட பூஞ்சை ஊரை விட்டு எழும்புமா? அதனால் நெல்லுக்கு மூன்று வருடமும் போதாது என்பதுதான் என் கட்சி. பழுது சேதன முறையில் இல்லை, ஒரே இரவில் மாறு என்ற கட்டளையில்.

நீ சேதன முறையைக் கால் ஏக்கர் நெல்லில் தொடங்கிப் பார். மூன்று போகத்துக்கு விளைச்சல் குறைந்தால் அந்த நட்டம் என்னுடையது. ஆனால் கணக்குக் கிலோவில் வரவேணும். "கொஞ்சம் குறைஞ்சு போச்சு" என்ற கணக்குக்கு யூரோ வராது.

இப்படிக்கு,
உன் மச்சான்