பூவரசும் புதுச் சித்திரக்காரரும்: காசிமேட்டை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

மீன்பிடித் தடைக்காலம் என்று சர்க்கார் வகுத்திருக்கும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில், காசிமேட்டுத் துறைமுகம் முழுவதும் ஒரு மகத்தான வர்ணசாலையாக மாறிவிடுகிறது என்பது பிரசித்தம். விசைப்படகுகள் கரையேறி, ஒட்டிய சிப்பி சுரண்டப்பட்டு, பட்டி பார்க்கப்பட்டு, ஒரு கோட்டு போதுமா இரண்டு வேண்டுமா என்ற நெடிய தர்க்கத்துக்குப் பின் பெயின்ட் பூசிக்கொள்ளும் அந்தப் பருவத்தில்தான் கொன்றையும் குல்மோஹரும் நகரமெங்கும் பூக்கின்றன. அதே பருவத்தில்தான், துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர், பேத்தி மிச்சம் வைத்த அக்ரிலிக் டியூப்களைக் கண்டெடுத்து, பூத்த மரம் ஒன்றை எழுதப் பழகுவது என்று நிச்சயித்தார். படகும் மரமும் மனிதரும் ஏககாலத்தில் வர்ணத்தில் இறங்கிய இச்சம்பவத்தை வித்வத் சபைகள் கவனியாமல் விட்டமையால், அந்தப் பணி நம்மேல் வந்து விழுந்திருக்கிறது.

சித்திரத்துக்கு ஆறு அங்கங்கள் உண்டென்பது காமசூத்திரத்துக்கு உரை கண்ட யசோதரர் வாக்கு. ரூபபேதம், பிரமாணம், பாவம், லாவண்ய யோஜனம், சாதிருசியம், வர்ணிகாபங்கம் என்னும் அவற்றுள் முதல் ஐந்தையும் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்து, ஆறாவதாகிய வர்ணப் பிரயோகத்திலேயே குமாஸ்தா நேராக இறங்கினார். 1850இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் இருக்க, அவர் குருவாக வரித்தது கைப்பேசியை. வாசலில் பூவரசு ஒன்று நின்றிருக்க, அவர் எழுதியது, காசிமேட்டில் எவரும் நிழலுக்குக்கூட ஒதுங்கியிராத ஜப்பானிய செர்ரி மரத்தை.

இங்கே பூர்வபட்சக்காரர் எழுந்து, இது அந்நிய மோகமன்றி வேறில்லை என்பார். நெய்தல் நிலத்துக்குப் புன்னையையும் தாழையையும் ஞாழலையும் சங்கப் புலவர்கள் உரிமையாக்கி வைத்திருக்கிறார்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் ஆலயத்தின் தலமரமே புன்னைதான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கியிருக்கிறார். இவ்வளவும் இருக்க ரோஜா நிறச் செர்ரி எதற்கு என்று அவர் கேட்கும்போது சபை கைதட்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் கைதட்டல் பிரமாணமாகாது. குமாஸ்தாவின் தேர்வுக்குக் காரணம் மோகமன்று, சுத்தமான லாபநஷ்டக் கணக்கே என்பது நம் சித்தாந்தம்.

செர்ரி, இலை விடுமுன்னரே பூத்துவிடும் ஜாதி. 1890இல் வான்கோ தம் தம்பிக்குப் பிறந்த மகவுக்காக எழுதிய வாதுமைப் பூங்கிளையும் அவ்வாறே இலைக்கு முந்திப் பூப்பது. இலை இல்லையெனில் இலை எழுதும் உபாதையும் இல்லை. காது குடையும் பஞ்சுக்குச்சிகளை ரப்பர் வளையத்தால் கட்டி, ரோஜா நிறத்தில் தோய்த்துக் கிளைமேல் ஒற்றினால் பூங்கொத்து தானே விளையும். கை நடுங்கினால் கொத்து இன்னும் தத்ரூபமாகும். பழைய பல்துலக்கியால் தெறிப்பதே உத்தமம் என்னும் எதிர்ச் சம்பிரதாயமும் உண்டு. சுவருக்கு விளையும் சேதத்தை உத்தேசித்து அதை நாம் ஆதரிக்கவில்லை. எந்த உயரத்திலும் கிளைகளின் தடிமனை ஒன்றுசேர்த்தால் அடிமரத்தின் தடிமனுக்குச் சமமாகும் என்று லியோனார்டோ டா வின்சி எழுதிவைத்த விதியைக் குமாஸ்தாவின் மரம் பகிரங்கமாக மீறியது உண்மையே. ஆனால் மீறிய இடங்களையெல்லாம் பூ மூடிவிட்டது.

பூவரசோ கருணையற்ற மரம். என்றும் இலை தழைத்திருப்பது. பிள்ளைகள் பீப்பி செய்து ஊத எத்தனை பறித்தாலும் குறையாதது. பூ மஞ்சள், அக்ரிலிக் மஞ்சளுக்குப் பச்சையை மறைக்கும் வல்லமை கிடையாது. அடியில் வெள்ளை வைத்து, காயவிட்டு, அதன்மேல் வைத்தாலன்றி அது பூவாகத் தோன்றாமல் பழுத்த இலையாகவே தோன்றும். போதாக்குறைக்கு, காலையில் வெளிர்மஞ்சளாய் விரிந்து மாலைக்குள் சிவந்துவிடும் பூ அது. எந்த நேரத்துப் பூவை எழுதுவது என்பதே பெரிய தத்துவப் பிரச்சினை.

வர்ணமும் நிலையாக நிற்பதில்லை. 1955இல் லிக்விடெக்ஸ் என்னும் பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த நீரில் கரையும் அக்ரிலிக்கும் அதன் வாரிசுகளும், ஈரத்தில் பால்போல் வெளுத்திருக்கும் பசை காய்ந்து தெளிந்துவிடுவதால், காய்ந்தபின் ஒரு படி கருக்கும் சுபாவமுடையவை. தாம் வைத்த நிறமும் மறுநாள் கண்ட நிறமும் வேறாயிருப்பது கண்டு, கண்ணாடியை மாற்றவேண்டுமோ என்று குமாஸ்தா ஐயுற்றதற்கு இதுவே காரணம். காற்றோட்டமும் இதில் கலந்துகொள்கிறது. மே மாத முற்பகலில் மேற்கேயிருந்து வரும் வறண்ட காற்று, வர்ணம் தட்டிலிருந்து துணிக்குப் போகுமுன் தூரிகையிலேயே அதை உறையச் செய்துவிடும். உறைந்ததை நீர் மறுபடி கரைக்காது. பிற்பகலில் கடற்காற்று ஈரத்தோடு ஏறிய பிறகே, இரண்டு நிறங்களை இழைத்துக் கலக்க அவகாசம் கிடைக்கிறது. ஆகவே காசிமேட்டில் அக்ரிலிக் அப்பியசிப்போர் பகலுணவுக்குப் பின்னரே உட்காரவேண்டும் என்பது நம் முதல் கண்டுபிடிப்பு. அந்த நேரத்தில் தூக்கமும் வரும் என்ற ஆட்சேபம் நியாயமானதே.

இந்நிலையில் ஒருநாள், படகுக்குப் பெயின்ட் அடிக்கும் இளைஞர் ஒருவர் செர்ரிச் சித்திரத்தைப் பார்வையிட்டு, "இன்னா சார், மரம்னு சொல்றீங்க, ஒரு இலைகூடக் காணோம்? பட்டுப்போன மரம் எங்கனா பூ வெக்குமா?" என்று வினவினார். ஜப்பானில் அப்படித்தான் என்ற விடை அவருக்குத் திருப்தி தரவில்லை. வாசல் மரத்தைச் சுட்டிக்காட்டி, மஞ்சள் மறைக்காது என்ற முறையீட்டையும் கேட்டுக்கொண்டு, மறுநாள் டப்பாவின் அடியில் மிச்சமிருந்த படகு எனாமலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். சித்திர சாஸ்திரத்துக்குத் துறைமுகம் நேராகச் செய்த உபகாரம் இதுவென்றே கருதுகிறோம்.

எனாமல் மஞ்சள் பச்சையைச் சுத்தமாக மறைத்தது. காய ஒரு பகலும் இரவும் எடுத்துக்கொண்டாலும் பூவரசு அசலாகவே பூத்தது. உற்சாகமடைந்த குமாஸ்தா, சில பூக்களையாவது அந்திப் பூக்களாக்கிக் காட்டவேண்டும் என்ற இலட்சியத்தால், அம்மஞ்சளின்மேல் அக்ரிலிக் சிவப்பைத் தாராளமாகப் பூசினார். வழவழத்த எனாமலின்மேல் நீர்வர்ணம் வேர்பிடிப்பதில்லை. பழைய பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் படகுக்காரர் எவரும் மறுகோட்டு அடிப்பதில்லை என்ற சூட்சுமத்தை இளைஞர் சொல்லவுமில்லை, இவர் கேட்கவுமில்லை. சில நாட்களில் சிவப்பு தோல்தோலாக உரிந்து விழ, உள்ளிருந்து பழைய மஞ்சள் வெளிப்பட்டது. அதாவது, காலையில் மஞ்சளாய் விரிந்து மாலையில் சிவக்கவேண்டிய பூ, மாலையிலிருந்து காலைக்குத் திரும்பிவிட்டது.

இதைப் பிழை என்று ஒரு சாராரும், காலத்தைப் பின்னோக்கி ஓடவிட்ட முதற் பூவரசு என்று ஒரு சாராரும் வாதிடுகின்றனர். நாம் இரண்டாமவர் பக்கம் சற்றே சாய்கிறோம். குமாஸ்தாவின் சகதர்மிணியோ இரு கட்சியிலும் சேராமல், உரிந்து தரையெங்கும் கிடக்கும் சிவப்புத் தோலை யார் கூட்டுவது என்ற வினாவை எழுப்பியிருக்கிறார். ஆறு அங்கங்களையும் ஒருமுறைக்கு இருமுறை புரட்டிப் பார்த்துவிட்டோம். யசோதரர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.