ஏழாம் வாய்ப்பாடு ஏறலையே!

கேள்வி: உப்பளத்தில் வேலை பார்க்கிறோம். நாலாவது படிக்கும் மகளுக்கு வாய்ப்பாடு மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?
– ஒரு தாய், மரக்காணம்

பதில்: பாத்தியில் நீர் கட்டிய அன்றைக்கே உப்பு வாரிவிட முடியுமா அம்மா? வாய்ப்பாடும் அப்படித்தான்.

பத்தாம் வாய்ப்பாடு வரை மொத்தம் 100 விடை என்று மலைக்காதீர்கள். 1, 2, 5, 10 நான்கும் சுலபமாக வந்துவிடும். மிச்சத்தில் 4×7, 7×4 இரண்டும் ஒன்றே. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் உருப்போட வேண்டியது வெறும் 21!

அதையும் கண்ணால் பார்க்கட்டும். வரிசைக்கு ஏழு கிளிஞ்சல், நான்கு வரிசை அடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் போய் உட்கார்ந்து எண்ணினாலும் அதே 28தான். பிறகு ராகம் போட்டுச் சொல்லட்டும். அந்தக் காலத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலைக் கூடிச் சொல்லித்தான் பழகினார்கள். பின்ன வாய்ப்பாடுகூட அதில் உண்டு. ராகம் பிடிபட்டதும் நடுவிலிருந்து கேளுங்கள். இல்லாவிட்டால் ‘ஏழெட்டு’ கேட்டால் ‘ஓரேழு ஏழு’ என்று முதலிலிருந்து தொடங்குவாள்.

தன்னார்வலர்கள் வீட்டருகே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவதற்கான ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கியதே உங்கள் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். அப்படிச் சொல்லித்தர ஆர்வமுள்ள அக்கா யாராவது தெருவில் இருந்தால் தயங்காமல் உதவி கேளுங்கள். வேலை முடிந்து வந்து நீங்கள் இரண்டே இரண்டு விடை கேட்டால் போதும். தப்பாகச் சொன்னால் தயவுசெய்து குட்டாதீர்கள்.